பெருமாளுக்கு நேர்ந்த பீன்ஸ்

ஸ்ரீரங்கம்
4-11-2024

அன்புள்ள மார்ட்டினுக்கு,

வரது எழுதுவது. இங்கு நானும் கோதையும் க்ஷேமம். என் வலது முட்டி மட்டும் க்ஷேமமில்லை. அதைப் பற்றித் தனியாக நாலு பக்கம் எழுதலாம், உமக்காக விட்டுவிடுகிறேன். அங்கு நீரும் மகள் சுஜாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? ஏழாவது மாடியில் உமக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு மொட்டை மாடியில் வடாம் காவலுக்கு உட்கார்ந்தாலே தலை சுற்றும்.

நீர் அனுப்பிய விதைப் பொட்டலம் வந்தது. தபால்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "மாத்திரையா சார்?" என்றார். "பரம்பரைச் சொத்துப்பா" என்றேன். பொய்யில்லையே. உம்ம அப்பா பொன்மலை ரயில்வே ஆபீசர் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தபோது துரை வீட்டிலிருந்து வந்த பீன்ஸ். அவருக்குப் பிறகு நீர், வருஷா வருஷம் போட்டு, வருஷா வருஷம் விதை எடுத்தீர். இருபத்தெட்டு வருஷம் ஒரே ஒர்க் ஷாப்பில் நீர் பட்டறையிலும் நான் அக்கவுண்ட்ஸிலும் இருந்தோம். மத்தியானம் உம்ம டப்பாவிலிருந்து அந்தப் பொரியலை நான் எடுத்துத் தின்றதற்கு அளவே இல்லை. அந்த யோக்கியதை ஒன்றை வைத்துத்தான் விதையை என்னிடம் கொடுத்திருக்கிறீர் போலும். நான் இதுவரை வளர்த்தது தொப்பை ஒன்றுதான். அதுவும் தானாக வளர்ந்தது.

மழை விட்டதும் கொல்லையில் துளசி மாடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே கொத்தி, நாற்பது விதையையும் ஊன்றிவிட்டேன். போனில் சொல்லலாமென்றால் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உமக்குக் காது கேட்பதில்லை. வாட்ஸப்பில் எழுதலாமென்றால், 'க'வைத் தொட்டால் 'ங' விழுகிறது என்று போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீராம், சுஜா சொன்னாள். ஆகவே தபால். என் கையெழுத்தை வாசிக்க முடியாவிட்டால் அது உம்ம கண்ணின் கோளாறு.

உம்ம க்ஷேமத்துக்குப் பதில் போடும்.
வரது

---

மரியே வாழ்க

சென்னை
12-11-2024

மதிப்புள்ள வரது சாமிக்கு மார்ட்டின் எழுதிக்கொண்டது.

நான் சுகம். சுஜாவும் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள்.

நாற்பதையும் போட்டுவிட்டீர்கள். பாதியை வைத்திருக்கலாம். பரவாயில்லை. அது மூன்று வருஷத்து விதை. குவார்ட்டர்ஸை விட்டபிறகு எனக்குப் போட மண் இல்லை. இந்த வருஷமும் விட்டிருந்தால் இனி முளைக்காது. என்னிடம் இருந்தது மொத்தமும் அவ்வளவுதான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும். ஏறுவதற்குக் குச்சி நடுங்கள். காய்க்க ஆரம்பித்ததும் ஒரு பறிப்பு நீங்கள் சாப்பிடுங்கள். அதற்குமேல் கை வைக்க வேண்டாம். மீதி கொடியிலேயே காய வேண்டும்.

விதை சேர்ந்ததும் எழுதுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். மாசியில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். காது கேட்காதவரைத் தனியாக ரயிலில் விட மாட்டேன் என்கிறாள் சுஜா. விதைக்காக என்றால் விடுவாள்.

இங்கே ஒரு பால்கனி இருக்கிறது. எதிரேயும் ஒரு பால்கனி இருக்கிறது.

கோதை அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.
மார்ட்டின்

---

ஸ்ரீரங்கம்
30-12-2024

அன்புள்ள மார்ட்டினுக்கு,

க்ஷேமம். முட்டியும் ஓரளவு க்ஷேமம். நாளை வைகுண்ட ஏகாதசிக்கான பகல்பத்து தொடங்குகிறது. தெருவில் இப்போதே ஆட்டோ திரும்ப இடமில்லை. எங்கள் வாசலில் நிற்கும் வெளியூர்க் காருக்கு நான் காவல்காரன் என்று நினைத்து ஒருவர் சாவியையே கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவசரம். உம்ம கொடிக்கு வியாதி. நாற்பதில் இருபத்துமூன்று முளைத்தது, குச்சியைப் பிடித்து ஏறியது, பூத்தது. எல்லாம் என் கைராசி என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். நேற்றுக் காலை பார்க்கிறேன், இலை பச்சை, காய் மஞ்சள். ஒன்றில்லை, அத்தனையும். பிஞ்சுகூட மஞ்சள். மஞ்சள் காமாலைதான், சந்தேகமில்லை. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தேன். இன்று இன்னும் பளீரென்று மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து வேரில் விடலாமா? நாலு கொடியைப் பிடுங்கிவிடலாமா? மற்றதாவது தேறுமே? உடனே எழுதும்.

கவலையுடன்,
வரது

---

மரியே வாழ்க

சென்னை
4-1-2025

வரது சாமிக்கு,

எல்லாரும் சுகம். எதையும் பிடுங்காதீர்கள்.

அது மஞ்சள் பீன்ஸ். காய் மஞ்சளாகத்தான் இருக்கும். என் டப்பாவில் இத்தனை வருஷம் எடுத்துச் சாப்பிட்டீர்களே, என் விஜயராணி அதில் மஞ்சள்தூள் போட்டாள் என்றா நினைத்தீர்கள்? அவள் உயிரோடு இருந்தால் இந்தக் கடிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாள். கீழாநெல்லியை நீங்கள் குடியுங்கள்.

வாசித்துச் சிரித்தேன். சுஜா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என்னப்பா ஆச்சு என்று பார்த்தாள்.

இப்போது ஒரு பறிப்பு. பிறகு தொடாதீர்கள்.
மார்ட்டின்

---

ஸ்ரீரங்கம்
16-1-2025

அன்புள்ள மார்ட்டினுக்கு,

எல்லாரும் சௌக்கியம். மஞ்சள்தூள் விஷயத்தை இந்த ஜன்மத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

முதல் பறிப்பைக் கோதை தேங்காய் போட்டுக் கறி பண்ணினாள். அப்படியே பழைய மத்தியானம். "நன்னாயிருக்கே, என்ன காய் இது?" என்றாள். நான் சற்றும் யோசிக்காமல் "மஞ்சள் அவரை" என்றேன். ஏன் என்று கேளும். எங்கள் வீட்டில் சாதாரண நாளில் பீன்ஸ், கோஸ், கேரட் எல்லாம் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பெயர் இங்கிலீஷ் காய். திவசத்துக்கும் பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கும் ஆகாது. அதைத் துளசி மாடத்துக்குப் பக்கத்திலேயே நட்டிருக்கிறேன் என்று தெரிந்தால், என் தொப்பையை இரண்டு சுற்று வரக்கூடிய நீளத்துக்குப் பிரசங்கம் வரும். அவரை என்றால் தகராறே இல்லை.

மறுநாள் காலை தட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் கொல்லைக்குப் போகிறாள்! "கோதை, தொடாதே!" என்று கத்தினேன். "ஏன்?" என்றாள். விதை, மார்ட்டின், மூன்று வருஷம் என்று ஆரம்பித்தால் பாதியிலேயே பறித்து முடித்துவிடுவாள். வாயில் வந்தது: "அது பெருமாளுக்கு நேர்ந்துண்டிருக்கேன்."

தட்டைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் செருப்போடு போவதில்லை. காய் எண்ணிவிட்டேன், அறுபத்தொன்று. பூட்டு இல்லை, சாவி இல்லை, காவல் பெருமாள். என் மூளையை நீர் இத்தனை வருஷம் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா திவசம். அந்த வேலைகள். முடிந்ததும் எழுதுகிறேன்.
வரது

---

மரியே வாழ்க

சென்னை
30-1-2025

வரது சாமிக்கு,

நான் சுகம். அப்பா திவசம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் காய் தப்பித்தது.

பிப்ரவரி 27 பகல் ரயிலுக்கு சுஜா டிக்கெட் போட்டுவிட்டாள். எழும்பூரில் அவளே ஏற்றிவிடுவாள், திருச்சியில் நீங்கள் இறக்கிக்கொள்ள வேண்டும். டிக்கெட்டை அச்சடித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எந்தச் சட்டை போட்டாலும் அதற்கு மாற்றிக்கொள்கிறேன்.

காய் உலர ஆரம்பித்ததா? எத்தனை விதை தேறும்?
மார்ட்டின்

---

ஸ்ரீரங்கம்
7-2-2025

அன்புள்ள மார்ட்டினுக்கு,

இங்கு யாவரும் க்ஷேமம். உம்ம கடிதம் கண்டு சந்தோஷம்.

எதிர்வீட்டுக் கமலினி யோகா வகுப்பில் சேர்ந்து, முதல் நாளே கழுத்து திரும்பிக்கொண்டு, மூன்று நாள் தெருவில் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்து நாலு பேர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான், போகவில்லை. ரதசப்தமிக்கு நல்ல கூட்டம். காவேரியில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடுகிறது. என் முட்டிக்குப் புதுத் தைலம் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் வாசனைக்கு ஓடுவதற்காகவே முட்டி வேலை செய்கிறது. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. சென்னையில் எப்படி? கொடிகள் பச்சையாக இருக்கின்றன.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லும்.
வரது

---

மரியே வாழ்க

சென்னை
13-2-2025

வரது சாமிக்கு,

சுகம்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கமலினி அம்மா கழுத்து வந்திருக்கிறது. காவேரி வந்திருக்கிறது. கொடி பச்சையாக இருக்கிறது என்கிறீர்கள். நான் கொடியைக் கேட்கவில்லை, காயைக் கேட்டேன்.

என்ன ஆயிற்று?
மார்ட்டின்

---

ஸ்ரீரங்கம்
17-2-2025

மார்ட்டின்,

முதலில் விஷயம். காய் இல்லை. அறுபத்தொன்றும் போய்விட்டது.

திவசத்தன்று விடிகாலை. தளிகை பண்ண வந்த ஜகன்னாத் மாமா மார்க்கெட் அவரையைப் பிரித்துப் பார்க்கிறார், அத்தனையிலும் புழு. "மாமி, கறிக்கு அவரை இல்லையே, என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறார். கோதை ஒரு நிமிஷமும் தயங்கவில்லை. "கொல்லையில பெருமாளுக்குன்னு நேர்ந்த அவரை இருக்கு. இன்னிக்குத் தளிகைய மொதல்ல பெருமாளுக்குத்தானே கண்டருளப் பண்றோம்? இதவிட நல்ல நாள் எப்ப வரப்போறது?" என்று, ஸ்நானம் பண்ணி, மடியாகப் போய், பயபக்தியோடு ஒவ்வொன்றாகப் பறித்திருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பு கண்டுபிடிக்க முடியுமா, சொல்லும். நான் கட்டிய பொய்யை அவள் நேர்மையாக நிறைவேற்றினாள்.

நான் அப்போது கூடத்தில் பஞ்சகச்சத்தோடு வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திவசத்துக்கு வந்த ஸ்வாமிகளுக்கு இலையில் பரிமாறும்போதுதான் பார்த்தேன், மஞ்சளாக ஒரு கறி. அது பீன்ஸ் என்று சொன்னால் திவசம் கெட்டது. சொல்லாவிட்டாலும் காய் வெந்தது வெந்ததுதான். வாயை மூடிக்கொண்டேன். சாப்பிடும்போது அவர்கள் பேசக் கூடாது. ஒருவர் அந்தக் கறியை விரலால் காட்டி மூன்று தரம் போட்டுக்கொண்டார். முடிவில் "திருப்தியா?" என்று நான் கேட்க வேண்டும். கேட்டேன். "பரம திருப்தி" என்றார்கள். அந்தக் கூடத்தில் திருப்தி இல்லாதவன் நான் ஒருத்தன்தான்.

எல்லாரும் போனபிறகு ஈர வேஷ்டியோடு தென்னைமரத்தடியில் கொட்டியிருந்த நாரையும் காம்பையும் கிளறினேன். முற்றல் என்று ஜகன்னாத் மாமா தூக்கிப்போட்ட காய் மூன்று கிடைத்தது. அதில் ஏழு விதை. நாலு கறுப்பு, மூன்று இன்னும் சரியாகக் கறுக்கவில்லை. நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். முளைக்குமா என்று தெரியாது. கொடியில் மறுபடி பூ வந்தது. வெயிலில் அத்தனையும் உதிர்ந்துவிட்டது.

போன கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். கமலினி கழுத்தை எழுதினேன். உம்ம சட்டைப் பையில் டிக்கெட் இருக்கிறது என்று வாசித்தபின் என்னால் முடியவில்லை. டிக்கெட்டைக் கிழிக்காதீர், வாரும் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

என்ன வேண்டுமானாலும் எழுதும். எழுதாமல் மட்டும் இருக்காதீர்.
வரது

---

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
21-3-2025

மதிப்பிற்குரிய மார்ட்டின் அவர்களுக்கு, கோதைநாயகி எழுதுவது.

நாங்கள் பெருமாள் அனுக்ரஹத்தில் நலம். உங்கள் நலத்தையும் குழந்தை சுஜாவின் நலத்தையும் கோருகிறேன்.

ஒரு மாதமாக இவர் தினமும் தபால்காரரை வாசலில் மறித்து விசாரிக்கிறார். தபால்காரர் இப்போது அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். என்ன விஷயம் என்று கேட்டேன். நேற்றுத்தான் சொன்னார்.

நறுக்கும்போதே ஜகன்னாத் மாமா, "இது அவரை மாதிரி இல்லையே மாமி" என்றார். பெருமாளுக்கு நேர்ந்த காயைச் சந்தேகப்படக் கூடாது என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். பறித்தது என் கை. என்னை மன்னிக்க வேண்டும்.

வாத்தியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தெரியாமல் செய்ததற்குத் தோஷமில்லை, தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருந்தவருக்குத்தான் என்றார். அதனால் இந்த வருஷம் ஏகாதசிகளில் இவருக்குத் தீர்த்தம் மட்டும். இதுவரை ஏகாதசி விரதம் என்று சொல்லிக்கொண்டு உப்புமாவும் அடையும் சாப்பிட்டவர்.

ஏழு விதையையும் இவரிடமிருந்து வாங்கிச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டு என் பீரோவில் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் நீங்களே வந்து ஊன்ற வேண்டும். பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது. விதை காய்கிறவரை இங்கேயே இருங்கள். எங்கள் வீட்டில் வெங்காயமும் கிடையாது, அது ஒன்றுதான் உங்களுக்குச் சிரமம்.

இப்படிக்கு,
கோதைநாயகி

---

மரியே வாழ்க

சென்னை
2-4-2025

வரது சாமிக்கு,

நான் சுகம். கோதை அம்மா கடிதம் கிடைத்தது. அவர்களிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

உங்கள்மேல் கோபம். அதனால் எழுதவில்லை. விதைதான் இல்லையே, எதுக்குப்பா அலையணும் என்று சுஜா டிக்கெட்டை ரத்து செய்தாள்.

ஒன்று சொல்கிறேன். உங்கள் அப்பா அந்தக் காலத்தில் பொன்மலையில் ஹெட் கிளார்க். தை மாதம் வந்தால் எங்கள் வீட்டு வேலிப் பக்கம் வருவார். அம்மா இந்தப் பீன்ஸை உப்பும் மிளகும் போட்டு வேகவைத்துக் கொடுப்பாள். நின்றுகொண்டே சாப்பிடுவார். வீட்டுக்குக் கொடுத்தால் வாங்க மாட்டார். "வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்பா" என்பார். நான் அப்போது சின்னப் பையன், எனக்கும் சொல்லிவைத்திருந்தார். இத்தனை வருஷம் உங்களிடம் சொல்லவில்லை. இப்போது திவசத்திலேயே போட்டுவிட்டீர்கள். இனிச் சொன்னால் பாதகமில்லை.

ஏழு விதையை நீங்கள் தொடாதீர்கள். ஐப்பசியில் வருகிறேன். ஏழுக்காகவா இவ்வளவு தூரம் என்றாள் சுஜா. ஆமாம் என்றேன்.

வெங்காயம் இல்லாமல் இருப்பேன்.
மார்ட்டின்

---

ஸ்ரீரங்கம்
20-2-2026

அன்புள்ள சுஜாவுக்கு,

வரது அங்கிள் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? அப்பா நலம். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொன்மலை சர்ச்சில் பூசைக்கு அழைத்துப் போகிறேன். திரும்பும்போது செல்வமேரி அக்கா வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, கோதைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வாய் கொப்பளித்து வருகிறார். கோதை ஞாயிறு இரவு அவருக்கு மோர் சாதம் மட்டும்தான் போடுகிறாள்.

அப்பாவுக்கு எப்போ டிக்கெட் போடட்டும் அங்கிள் என்று மெசேஜ் அனுப்பியிருந்தாய். மெசேஜில் பதில் சொன்னால் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். அதனால் இந்தக் கடிதம்.

ஏழு விதையில் மூன்று முளைத்தது. ஒன்றை அணில் கடித்துவிட்டது. அன்று உன் அப்பா சாப்பிடவில்லை. மிச்சம் இரண்டு கொடி. என்னை நாலடி தள்ளியே நிறுத்தியிருந்தார். தண்ணீர்க்குடத்தைத் தூக்கி வர மட்டும் அனுமதி. அந்த இரண்டிலும் நாற்பத்துநாலு காய். ஒன்றைக்கூடச் சமைக்கவில்லை. அடியில் இருந்த பத்தைக் கோதை போன வாரமே சத்தமில்லாமல் பறித்து உரித்து, நாற்பத்தேழு விதையைச் சாம்பலில் போட்டுவிட்டாள். ஆகவே விதைக்குப் பயமில்லை, இனி வானம் இடிந்து விழுந்தாலும்.

மேலே இருப்பவைதான் விஷயம். காயைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று கேட்க வேண்டும், அப்போதுதான் பறிக்கலாமாம். உன் அப்பாவுக்கு அது கேட்காது. அதனால் தினமும் காலையில் காபி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, என் காதருகே ஒரு காயை ஆட்டுகிறார்.

"என்ன சாமி, கேக்குதா?"

பத்து நாளாகச் சலங்கை கட்டிய மாதிரி கேட்கிறது. நான் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுகிறேன். விரல் பட்டாலே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய மனுஷன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு, "சரி, இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்று காயை விட்டுவிட்டு, இரண்டாவது காபி உண்டா என்று கோதையைப் பார்க்கிறார். அவளும் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத்தான் நிற்கிறாள்.

டிக்கெட் இப்போதைக்குப் போடாதே. விதை இன்னும் காயவில்லை.

அன்புடன்,
வரது அங்கிள்